வவுச்சர் கேட்ட மனிதர்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸில் போகும்போது, பிரபலமான புனைவல்லாத நூல்களின் பதினைந்து நிமிடச் சுருக்கங்களைச் செயலியில் கேட்கிறேன். இந்த ஆண்டு 40 புத்தகங்களை முடித்துவிட்டேன். சென்ற வாரம் அலுவலகத்தில், "மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கியது" என்று 'சேப்பியன்ஸ்' நூலின் கருத்தைச் சொன்னேன். மூத்த கணக்காளர், "அது எப்படித் தெரியும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சுருக்கம் கேட்பது வாசிப்பு ஆகாதா? அடுத்து எதைப் படிக்கலாம்?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

காதால் கேட்பதில் எனக்குக் குறையில்லை. எங்கள் ஊரில் பாரதத்தைப் படித்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். ஆனால் 40 புத்தகங்களை முடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. நீங்கள் முடித்தது 10 மணி நேரம். கணக்கு எழுதுகிறவர் இப்படிப் பற்று வைக்கலாமா?

அந்த மூத்த கணக்காளர் உங்களிடம் கேட்டது வவுச்சர், அதாவது சொன்னதற்கு ஆதாரம். அது இருக்கிறது. யுவால் நோவா ஹராரி எழுதிய 'சேப்பியன்ஸ்' ஹீப்ருவில் 2011இலும் ஆங்கிலத்தில் 2014இலும் வந்தது. விவசாயத்தால் மனிதன் நஷ்டப்பட்டான் என்ற வாதத்தை அமெரிக்க அறிஞர் ஜாரெட் டயமண்ட் 1987இலேயே ஒரு கட்டுரையில் வைத்துவிட்டார். அவர் காட்டிய சாட்சி எலும்பு. கிரேக்கம், துருக்கிப் பகுதிகளில் கிடைத்த எலும்புக்கூடுகளின்படி, பனியுக முடிவில் வேட்டையாடி வாழ்ந்த ஆண்களின் சராசரி உயரம் 5 அடி 9 அங்குலம். விவசாயம் வேரூன்றிய பிறகு, கி.மு. 3000 வாக்கில், அது 5 அடி 3 அங்குலம். இதைச் சொல்லியிருந்தால் அவர் அடுத்த கேள்வி கேட்டிருப்பார், பேச்சு வளர்ந்திருக்கும். ஹராரி தன் நன்றியுரையில் டயமண்டின் பெயரைச் சொல்கிறார். நன்றியுரையை எந்தச் செயலி வாசித்துக் காட்டும்?

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. முழுப் புத்தகத்தை வாங்கியிருந்தாலும், தமிழில் நம் பதிப்பாளர்கள் பின்பக்கத்துச் சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை, வெட்டிவிடுவார்கள். சொல்லடைவு இல்லாத வரலாற்று நூல், வீட்டு எண் இல்லாத தெரு. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோதே அரும்பத அகராதி சேர்த்தார். நமக்கு இன்றும் அது ஆடம்பரம்.

இளவயதில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஏரிப் பாசனம் பற்றிய நூல் ஒன்று வந்தது. யாரும் கேட்காமலே அதற்குச் சொல்லடைவு தயாரித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, வெற்றுப் பின்புறத்தில் ஒரு சொல், அதன் கீழே பக்க எண்கள். மதகு, மடை, கலிங்கு, நீர்க்கட்டி. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் அகரவரிசையில் அடுக்கினேன். ஒரு துண்டைத் திருப்பினால் மணமகள் பெயர் பாதி தெரியும். இரண்டு மாத வேலை. பதிப்பாளர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பன்னிரண்டு பக்கம் கூடுதப்பா, அச்சில் இன்னொரு ஃபாரம், இன்னொரு பெரிய தாள் ஏறும். தமிழில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். புத்தகம் வந்தது. கடைசி நான்கு பக்கங்களில் அவருடைய மற்ற வெளியீடுகளின் விலைப்பட்டியல்!

அந்தப் பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. கோபத்தை மட்டும் தின்னவில்லை.

அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. 122 அத்தியாயங்கள். பஸ்ஸில் ஒரு தடவைக்கு ஓர் அத்தியாயம் போதும். படிக்கும்போது ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஏட்டுச்சுவடி எது வந்தாலும் பக்க எண்ணோடு துண்டுத் தாளில் குறித்துவையுங்கள். தாள் இல்லையென்றால் எழுதுங்கள், என்னிடம் கல்யாணப் பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன.