எடை குறைந்த ஸ்கீ வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். வரும் ஜனவரியில் மூன்றாவது தடவையாக ஜப்பான், நிசேகோவுக்குப் பனிச்சறுக்கப் போகிறோம். இதுவரை வாடகை ஸ்கீதான். நடுத்தரக் கடினமான சிவப்புத் தடங்களில் தடுமாறாமல் இறங்கிவிடுவேன். இங்கே ஒருவர் கைப்பேசிச் செயலியில் ‘எடை குறைந்த, டைட்டானியம் போட்ட கார்விங் ஸ்கீ’ என்று 1,900 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். நீளம் 170 செ.மீ., நடு அகலம் 68 மி.மீ. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கும் இருக்கிறது. பத்து வருடப் பூட்ஸையும் இலவசமாகத் தருகிறாராம், அதிகம் போட்டதில்லையாம். என் உயரம் 160 செ.மீ., எடை 56 கிலோ. எடை குறைந்தால் கால் வலி குறையும்தானே? வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முதலில் நீளத்தைப் பாருங்கள். கார்விங் ஸ்கீயை, அதாவது விளிம்பில் சாய்ந்து வளைந்து இறங்குவதற்கான ஸ்கீயை, நிறுத்திவைத்தால் அதன் முனை உங்கள் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். இது உங்கள் தலையைத் தாண்டி நிற்கும். வேகமாக இறங்கும் கனத்த ஆளுக்கான அளவு அது.

இனி எடை. தடத்தில் சறுக்குகிறவர்களை மேலே கொண்டுபோவது லிஃப்ட். ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டி, சொந்தக் காலில் மலையேறுகிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. உங்களைப் போல ஒல்லியானவர்களுக்கு லேசான ஸ்கீ சட்டென்று திரும்பும், மாலையில் தொடை அவ்வளவு கடுக்காது, அது உண்மை. ஆனால் காலையில் இறுகிக் கிடக்கும் தடத்தில் வேகம் கூடினால் லேசான ஸ்கீ அதிரும். எஃகு விளிம்பு பனியைக் கடித்து நிற்காமல் தத்தித் தத்திப் போகும். அந்த அதிர்வை அடக்கத்தான் ஸ்கீயின் உள்ளே இருக்கும் மரக்கட்டைக்கு மேலும் கீழும் டைட்டனால் தகடு வைக்கிறார்கள். அது டைட்டானியம் இல்லை, துத்தநாகம், மக்னீசியம், செம்பு கலந்த அலுமினியம். தகடு வைத்தால் எடையும் கூடும். ‘டைட்டானியம், அதனால்தான் லேசு’ என்று யாராவது சொன்னால், அவருக்குத் தான் விற்கும் பொருளே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், நீங்கள் போகும் இடம். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து, நிசேகோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மலைகளில் பஞ்சு போலக் கொட்டுகிறது. ஜனவரியில் அது உச்சம். நேற்று இரவு சீர்செய்த தடத்திலேயே காலையில் கணுக்கால் அளவு புதுப்பனி கிடக்கும். 68 மி.மீ. ஸ்கீ அதில் மிதக்காது, உள்ளே புதையும். தடத்திலும் ஓரத்துப் புதுப்பனியிலும் போக நினைத்தால் நடு அகலம் 80 முதல் 90 மி.மீ. வரை இருக்கட்டும். வாடகைக் கடையில் ‘ஆல் மவுண்டன்’ என்று கேளுங்கள். பனி விழாத நாளில் ஒல்லி ஸ்கீயை மாற்றி எடுத்துப் பாருங்கள். வாடகையின் அருமையே அதுதான்.

அந்த இலவசப் பூட்ஸ்தான் எனக்குப் பெரிய பயம். பல பூட்ஸின் ஓடு பாலியுரேத்தேன் பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதை உள்ளுக்குள் அரிக்கும். போடாமல் வைத்திருந்தாலும் அரிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். பார்க்கப் புதிதாகத் தெரியும், சறுக்கும்போது பாளம் பாளமாக உடையும். சரிவின் நடுவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தயவுசெய்து இலவசமாகக்கூட வாங்காதீர்கள்.

பைண்டிங்கும் அப்படித்தான். விழும்போது அது கழன்றால்தான் கால் தப்பும். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், சறுக்கும் விதம் எல்லாம் பார்த்து அளவு வைப்பது பயிற்சி பெற்றவர் வேலை. ரொம்பப் பழைய மாடல் என்றால் கடைக்காரரே தொட மாட்டார்.

அந்த 1,900 வெள்ளியைப் புதுப் பூட்ஸுக்கு வையுங்கள். ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவில் இறங்கியதும் கடையில் உட்கார்ந்து, மெல்லிய ஒரே காலுறையோடு இருபது நிமிடம் போட்டுப் பாருங்கள். முழங்காலை மடக்கும்போது குதிகால் எழும்பக் கூடாது, விரல் நுனி முன்னால் இடிக்கக் கூடாது. வாடகைப் பூட்ஸ் ஊரார் காலுக்கெல்லாம் தளர்ந்தது. நீங்கள் சொல்லும் கால்வலி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

கேள்வி: கோலாலம்பூர் கடையொன்றில் புது ஸ்கீ வாங்கினேன். இரண்டாவது பயணத்திலேயே பின்முனையில் அடுக்குகள் பிரிந்துவிட்டன. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் இருக்கிறது, நீங்கள் ஈரத்தோடு வைத்திருப்பீர்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ரசீதில் அப்படி அச்சடித்ததால் உங்கள் உரிமை போய்விடாது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். ஒரு வரி எழுதி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வியாபாரியிடம் வாங்கினால்தான் இந்த வழி. செயலியில் தனி ஆளிடம் வாங்கினால் இது உதவாது. செந்தூல் சகோதரியும் இதைக் கவனிக்கட்டும்.

பராமரிப்பைப் பற்றி அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பிரிந்த இடத்தையும், இரண்டு பக்க விளிம்பையும் இன்றே படமெடுங்கள். விளிம்பில் துரு இல்லை, அடியில் கல் இடித்த பள்ளம் இல்லை என்று படத்தில் தெரிந்தால் உங்கள் பக்கம் பலம். பிரிந்த இடத்தை மட்டும் நீங்களே பசை வைத்து ஒட்டிவிடாதீர்கள்.