உயரமான விண்ட்ஷீல்டு போட்டதும் இரவில் சாலை தெரியவில்லை, வெட்டலாமா, மாற்றலாமா?

நீங்கள் கேட்டது இது: பஜாஜ் டாமினார் 400 பைக்குக்கு வெளியே வாங்கிய உயரமான விண்ட்ஷீல்டு போட்டிருக்கிறீர்கள், உங்கள் உயரம் 5 அடி 5 அங்குலம், மழையிலும் இரவிலும் சாலை மங்கலாகத் தெரிகிறது.

வெட்டிக் குறையுங்கள். பைக்கில் விண்ட்ஷீல்டு வழியாகப் பார்த்து ஓட்டக் கூடாது. அதன் விளிம்புக்கு மேலே பார்த்து ஓட்ட வேண்டும். காரில் வைப்பர் இருக்கிறது, அங்கே இருப்பது கண்ணாடி. நம்முடையது பிளாஸ்டிக். மழைத்துளி அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹெல்மெட் வைசரையாவது ஓட்டிக்கொண்டே இடது கையால் வழித்துவிடலாம், இதை முடியாது. இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாத கீறல்களில் எல்லாம் சிதறி, கண்ணெதிரே வெள்ளையாகப் பரவிவிடும். ஹேண்டில்பாரில் போன் மாட்டியிருந்தால் அதன் திரையும் உள்பக்கம் பிரதிபலிக்கும். வளைந்து சாய்ந்த தகடு என்பதால் சாலையே சற்று நெளிந்து தெரியும். பள்ளத்தின் ஓரம் எங்கே என்று பிடிபடாது.

குறைத்தால் காற்று முகத்தில் அடிக்குமே என்று தயங்க வேண்டாம். காற்று விளிம்போடு நின்றுவிடுவதில்லை, அங்கிருந்து மேல்நோக்கி எகிறிப் போகிறது. விளிம்பு உங்கள் மூக்கு அல்லது வாய் மட்டத்தில் இருந்தாலே பெரும்பாலும் ஹெல்மெட்டுக்கு மேலாகக் கடந்துவிடும்.

எவ்வளவு வெட்டுவது என்பதுதான் முக்கியம். ஷூவும் ஹெல்மெட்டும் போட்டு, நீண்ட தூரம் ஓட்டும்போது எப்படித் தளர்ந்து உட்காருவீர்களோ அப்படி உட்காருங்கள். நண்பர் ஒருவர் பைக்கை நிமிர்த்திப் பிடிக்கட்டும். தரையிலிருந்து உங்கள் கண் 145 செ.மீ. உயரத்தில், விளிம்பிலிருந்து 60 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளிம்பு கண்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், சுமார் 17 மீட்டருக்கு அப்பால் உள்ள சாலைதான் தடையின்றித் தெரியும். 60 கி.மீ. வேகத்தில் அது ஒரு நொடியில் கடக்கும் தூரம். விளிம்பு கண்மட்டத்துக்கு 7.5 செ.மீ. கீழே இருந்தால் அது 12 மீட்டருக்கு வந்துவிடும். வெளிநாட்டு நெடுஞ்சாலைக்கு முதல் கணக்கு போதும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை எந்த ஊர் முனையில் இருக்கும் என்று தெரியாத நம் சாலைகளுக்கு இரண்டாவதுதான் சரி என்பேன்.

அறுப்பதற்கு முன் ஒரு சோதனை: கீழிருந்து வெட்ட நினைக்கும் கோடு வரை மாஸ்கிங் டேப் ஒட்டி, பகலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டேப் பார்வையில் குறுக்கிட்டால் கோட்டை இன்னும் இறக்க வேண்டும். முதலில் கொஞ்சமாக வெட்டுங்கள், மறுபடி வெட்டலாம், ஒட்ட முடியாது. இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நுண்பல் வாளால் அவசரமில்லாமல் அறுத்து, உப்புத்தாளை 120-ஆம் எண்ணில் (சொரசொரப்பு) தொடங்கி 600 (மென்மை) வரை போட்டு விளிம்பை உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பு விபத்தில் கழுத்துக்கு நேராக இருக்கும் பொருள், இதில் சோம்பல் கூடாது.

உங்கள் விண்ட்ஷீல்டு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும் அறுக்கும்போதே விரிசல் விட வாய்ப்பு அதிகம். அறுத்த துணுக்கை வளைத்துப் பாருங்கள்: பாலிகார்பனேட் வளையும், அக்ரிலிக் பட்டென்று உடையும். உடைகிற ரகம் என்றால் அதை விட்டுவிட்டு, கீறல் தாங்கும் பூச்சு கொண்ட பாலிகார்பனேட் வாங்கிவிடுங்கள். கல் தெறித்தால் தாங்க வேண்டியது அதுதான். கருப்பு, புகை நிறம் வேண்டாம். பஜாஜே 2021-லிருந்து டாமினார் 400-ஐ உயரமான விண்ட்ஷீல்டுடன் விற்கிறது. அதைப் பொருத்திய ஒரு வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாலிகார்பனேட்டுக்குப் பெட்ரோல் ஆகவே ஆகாது. சர்வீஸில் பெட்ரோல் துணியால் துடைக்க வந்தால் உடனே தடுங்கள், நுண்ணிய வெடிப்பு விழுந்து மங்கிவிடும். திருகு கழலாமல் இருக்கப் போடும் லாக்டைட் பசையும் அதே கேடு. ரப்பர் வாஷர் வைத்து, இறுக்கி நசுக்காமல் முடுக்கினால் போதும். சாயங்காலம் வயல்வெளிப் பக்கம் ஓட்டி வந்தால் பூச்சி அப்பியிருக்கும். ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு வழித்தெடுங்கள். காய்ந்த துணியால் தேய்ப்பதுதான் அந்தக் கீறல்களுக்கெல்லாம் மூலம்.

இன்னொன்று, நாகர்கோவில் பக்கம் போகிற ஆளாக இருந்தால். டாமினாரில் விண்ட்ஷீல்டு ஹெட்லைட்டோடு சேர்ந்து ஹேண்டில்பார் திரும்பும் பக்கமே திரும்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே பக்கவாட்டில் அடிக்கும் காற்று, உயரமான தகட்டைப் பிடித்துத் தள்ளினால் நேரே ஸ்டியரிங்கையே இழுக்கும். குறைத்த பிறகு அந்த இழுப்பும் குறையும். அப்போதும் அங்கே வேகத்தை 60-க்குக் கீழே வைத்து, பிடியைத் தளர்வாக விட்டு ஓட்டுங்கள்.