லேசர் கண் சிகிச்சை: விலைப்பட்டியலில் வராத செலவு

கேள்வி: எனக்கு வயது 36. இரு கண்களிலும் மைனஸ் 4 கிட்டப்பார்வை. கணினியில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். வேலையை முடித்துக் கொடுத்தால்தான் பணம், சம்பளத்துடன் விடுப்பு கிடையாது. லேசர் சிகிச்சைக்குப் பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல் என்று மூன்று விலை சொல்கிறார்கள். ஸ்மைல்தான் அதிகம். விலை கூடினால் பார்வையும் கூடுதலாகத் தெளியுமா? கையில் அவசரகாலச் சேமிப்பு மட்டும் இருக்கிறது. அதை எடுக்கலாமா, தவணையில் கட்டலாமா?

பதில்: தெளியாது. பொருத்தமான கண்ணாக இருந்தால், சில மாதங்கள் கழித்து மூன்றும் தரும் பார்வை ஏறத்தாழ ஒன்றுதான். கூடுதல் பணம் பெரும்பாலும் குணமாகும் வேகத்துக்குப் போகிறது. உங்களைப் போல வேலைக்குக் கூலி வாங்குபவருக்கு அந்த வேகமும் காசுதான்.

பி.ஆர்.கே.யில் கார்னியாவின், அதாவது கண்ணின் முன்புறத் தெளிவான படலத்தின், மேல்தோலை அகற்றிவிட்டு, எக்சைமர் லேசரால் வளைவைத் திருத்துகிறார்கள். தோல் மீண்டும் வளரும்வரை முதல் சில நாட்கள் வலி, கண்ணீர், வெளிச்சம் பட்டால் கூச்சம். பார்வை முழுதும் தெளியச் சில வாரங்கள் ஆகலாம். லேசிக்கில் பாலேடு போல மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் தூக்கி, அதே எக்சைமர் லேசரால் திருத்தி, மூடியைத் திரும்பப் படிய வைக்கிறார்கள். பெரும்பாலோர் மறுநாளே நன்றாகப் பார்க்கிறார்கள். ஸ்மைலில் மூடி இல்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கார்னியாவுக்குள்ளேயே சிறு வில்லையைச் செதுக்க, அதை 2 முதல் 4 மில்லிமீட்டர் திறப்பு வழியாக உருவி எடுக்கிறார்கள். தெளிவு வரச் சில நாட்கள் ஆகலாம்.

இப்போது விலைகளை எழுதி, பி.ஆர்.கே.க்கு நேராக உங்கள் இரண்டு வார வருமானத்தைக் கூட்டுங்கள். மலிவானது மலிவாக இருக்கிறதா என்று அப்போது தெரியும். சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கும் ஒருவருக்கு இதே கணக்கு தலைகீழாக வரும்.

ஆனால் கணக்குக்கு முன் கண் இருக்கிறது. கார்னியாவின் சராசரி தடிமன் சுமார் 540 மைக்ரான். லேசிக் மூடிக்கு நூற்றுச் சொச்சம் போகும். மைனஸ் 4-ஐத் திருத்த ஏறக்குறைய 60. அடியில் குறைந்தது 250, பல மருத்துவர்களின் கணக்கில் 300 மைக்ரான் மிஞ்ச வேண்டும். சராசரித் தடிமன் உள்ளவருக்கு இது தாராளம். மெல்லிய கார்னியா என்றால் பி.ஆர்.கே.தான் பொதுவாகப் பாதுகாப்பான வழி. கார்னியா கூம்பாக நீளும் கெரடோகோனஸ் அறிகுறி இருந்தால் மூன்றுமே வேண்டாம். ஆகவே பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் முதலில் கட்டுங்கள். முடிவு வராமல் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொல்லப்பட்ட விலை ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? சொட்டு மருந்தும் மறுபரிசோதனைகளும் அதில் சேருமா? திரையை நாள் முழுதும் பார்க்கும் உங்களுக்கு இது முக்கியம். கண் வறட்சி மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஸ்மைலில் தொடக்கத்தில் அது சற்றுக் குறைவு. பவர் கொஞ்சம் மிஞ்சினால் செய்யும் மறுதிருத்தத்துக்கு யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்மைல் செய்த கண்ணுக்குப் பல நேரம் பி.ஆர்.கே. முறையில்தான் மறுதிருத்தம் செய்கிறார்கள். அதைத் தனிச் சிகிச்சையாகக் கணக்கிட்டால் பில் எகிறிவிடும். காப்பீட்டை நம்ப வேண்டாம். இதை அழகுக்காகச் செய்துகொள்வது என்று சொல்லிப் பல திட்டங்கள் தள்ளிவிடுகின்றன.

"வாழ்நாள் கண்ணாடிச் செலவு மிச்சம்" என்ற கணக்கை நான் ஏற்பதில்லை. நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை இந்த மூன்றில் எதுவும் தடுப்பதில்லை. படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். இதை முதலீடாகப் பார்க்காதீர்கள். வசதிக்காகச் செய்யும் செலவு இது. கையில் காசு இருந்தால் மனநிறைவோடு செய்யலாம்.

அவசரகாலச் சேமிப்பைத் தொடாதீர்கள். வருமானம் நிற்கப்போகும் அதே மாதத்தில் அதையும் காலி செய்வது ஆபத்து. வட்டியில்லாத் தவணை என்றால், மொத்தமாகக் கட்டினால் என்ன விலை, நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத் தவணையில் கட்டும் மொத்தத்துக்கும், மொத்தமாகக் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. எப்படியும் பவர் ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த ஓராண்டில் மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். தள்ளிப்போடுவதால் கண்ணுக்குக் கேடு இல்லை.

சிகிச்சைக்கு முந்தைய அளவீட்டு அறிக்கைகளை வாங்கிப் பத்திரங்களோடு வையுங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்க நேர்ந்தால், அதன் பவரைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் மருத்துவருக்கு உதவும்.