வளர்ச்சிக்கு வரம்பு கட்டினால் ஏழை என்ன ஆவான்?

கேள்வி: இயற்கையின் எல்லைக்குள் பொருளாதாரம் நிற்க வேண்டும் என்று விடாமல் எழுதி வருகிறீர்கள். இதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. வளர்ச்சியை நிறுத்தினால் ஏழை ஏழையாகவே கிடக்க வேண்டியதுதான். மக்கள்தொகை பெருகிச் சோறு பற்றாமல் போகும் என்று 1798-இல் மால்தஸ் பயமுறுத்தினார்; பொய்த்தது. 1980-இல் உலோக விலை ஏறும் என்று பந்தயம் கட்டிய உயிரியலாளர் பால் எர்லிக் பணத்தைத் தோற்றார். மனித மூளையும் தொழில்நுட்பமும் எந்தத் தட்டுப்பாட்டையும் வென்றுவிடும் என்பதை எப்போது ஒப்புக்கொள்வீர்கள்? அதுவரை மரத்தை வெட்டிய தாளில் அச்சடிப்பதையாவது நிறுத்தலாமே! (வாசகர் ஒருவர்)

பதில்: தாளை முதலில் முடித்துவிடுவோம். மரம் வளரும் வேகத்துக்குள் வெட்டினால் தாளால் ஒரு கெடுதலும் இல்லை. நாங்கள் விடாமல் எழுதி வருவதும் அதைத்தான்.

எர்லிக் தோற்றது உண்மை. செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்தின் விலையும் பத்தாண்டில் ஏறும் என்றார் அவர். ஏறாது என்றார் பொருளியலாளர் ஜூலியன் சைமன். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 1990-இல் விலை இறங்கியே இருந்தது. ஆனால் அந்தப் பந்தயம் சந்தையில் விலை உள்ள சரக்கின்மேல் கட்டப்பட்டது. விலை ஏறினால் புதிய சுரங்கம் தோண்டுவார்கள், மாற்றுப் பொருள் தேடுவார்கள். அந்த வேலையைச் சந்தை நன்றாகவே செய்யும். இன்றைய நெருக்கடி சரக்கை எடுக்கும் இடத்தைவிடக் கழிவைக் கொட்டும் இடத்தில்தான் பெரிது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வானத்துக்கு வாடகை வசூலிக்க ஆள் இல்லாததால், இடம் நிரம்பி வருவதை எந்த விலைப் பட்டியலும் சொல்லவில்லை.

மால்தஸ் கதையும் இதற்கு அக்கம்பக்கம்தான். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் வித்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவந்தது. கோடிக்கணக்கானோருக்குச் சோறு கிடைத்தது. அதைக் குறைத்துப் பேச நான் யார்? ஆனால் பயிர் எடுத்துக்கொள்ளாத உரம் ஆற்றோடு கடலுக்குப் போய், மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் மீன் மூச்சுவிட முடியாத பரப்பை உண்டாக்குகிறது. 2009-இல் யோஹான் ராக்ஸ்ட்ராம் தலைமையிலான அறிவியலாளர்கள் பூமி தாங்கக்கூடிய ஒன்பது எல்லைகளைக் குறித்தபோதே நைட்ரஜன் கோட்டைத் தாண்டியிருந்தது. 2023-இல் திரும்பக் கணக்கிட்டபோது தாண்டப்பட்டவை ஆறு.

இனி தொழில்நுட்பம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் நூற்றாண்டுகளாக அள்ள அள்ளக் குறையாமல் கிடைத்தது. 1950-களிலிருந்து தொழிற்சாலை போன்ற இழுவலைக் கப்பல்கள் வந்தன. 1968-இல் பிடித்தது மட்டும் எட்டு லட்சம் டன். பிறகு பிடி சரிந்தது. 1977-இல் கனடா 200 கடல் மைல் வரை தன் எல்லையை நீட்டி, வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது. அத்தோடு நின்றிருந்தால் மீன் பிழைத்திருக்கலாம். அரசே உதவிசெய்து உள்நாட்டுக் கப்பல்களைப் பெருக்கியது.

இங்கேதான் உங்கள் தொழில்நுட்பம் வருகிறது. கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்று கணக்கிட்டவர்கள், பெரிய கப்பல்கள் எவ்வளவு எளிதாக மீன் பிடிக்கின்றன என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்திருந்தார்கள். மீன் குறையக் குறைய, எஞ்சியவை ஒரு சில இடங்களில் கூட்டமாகச் சேர்ந்தன. கப்பலிலிருந்த சோனார், அதாவது ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் கருவி, அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்துக் காட்டியது, வலை நிறைந்தது, 'மீன் ஏராளம்' என்று கணக்கு சொன்னது. சோனார் இல்லாமல் கரையோரமாகச் சிறு படகில் போனவர்களுக்கு மட்டும் வலை காலியாக வந்தது. கிடைத்த மீனும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. 1980-களிலேயே அவர்கள் கத்தினார்கள். படிக்காத மீனவன் பேச்சை யார் கேட்பது? 1992 ஜூலை 2 அன்று அரசு மீன்பிடிப்பையே தடை செய்தது. மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களுமாக ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் சொன்னார்கள். நீங்கியது 2024-இல், அதுவும் சிறிய பிடி அளவுக்கே அனுமதி.

காட் அழிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு டன்னும் தேசியக் கணக்கில் வருமானமாகவே ஏறியது. முதலுக்கே மோசம் வந்ததை எழுத அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவுக்கு வடித்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், இந்த எண்ணை வைத்து நாட்டு மக்களின் நலனை அளக்க முடியாது என்று 1934-லேயே எச்சரித்தார். எண்ணை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

உலக வங்கியில் பணிபுரிந்த பொருளியலாளர் ஹெர்மன் டேலி சொன்ன ஒரு சம்பவம் இது. வங்கியின் 1992-ஆம் ஆண்டு அறிக்கைக்கு ஒரு படம் வரைந்தார்கள்: நடுவில் 'பொருளாதாரம்' என்று ஒரு கட்டம், உள்ளே போக ஓர் அம்பு, வெளியே வர ஓர் அம்பு. அதைச் சுற்றி 'சுற்றுச்சூழல்' என்று பெரிய கட்டம் போடுங்கள் என்றார் டேலி. அடுத்த வரைவில் வெறும் கட்டம் மட்டும் போட்டிருந்தார்கள், பெயர் இல்லாமல். மறுபடி சொன்னார். அதற்கடுத்த வரைவில் படமே இல்லை! பெரிய கட்டத்தை வரைந்தால், உள்ளிருக்கும் கட்டம் எதுவரை பெருக்கலாம் என்று யாராவது கேட்டுவிடுவார்களே. ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்றால் 24 ஆண்டில் இரட்டிப்பு, 100 ஆண்டில் 19 மடங்கு. சில பணக்கார நாடுகள் கரிம உமிழ்வைக் குறைத்துக்கொண்டே வளர்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 1970-இல் சுமார் 3,000 கோடி டன்னாக இருந்த பொருள் அகழ்வு இப்போது 10,000 கோடி டன்னை ஒட்டி நிற்கிறது.

இப்போது ஏழை. அவர் பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் வாதாடுகிறார்கள், நீங்களும். உலக மக்களில் வசதி மிகுந்த 10 சதவீதத்தினர் கரிம உமிழ்வில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம். ஏழையின் வீட்டுக்கு மின்சாரமும் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும். அதற்கு உற்பத்தி பெருகத்தான் வேண்டும். அதற்கான இடத்தை யார் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி. எல்லையே வேண்டாம் என்றால், இருப்பது முடிகிறவரை கை நீண்டவன் எடுப்பான்; நியூஃபவுண்ட்லாந்தில் சோனார் கப்பல் எடுத்ததைப் போல.

எல்லை வைத்தால் தொழில் படுத்துவிடும் என்பதற்கு ஓசோன் கதையே பதில். குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோ ஃபுளோரோ கார்பன் ஓசோனை அரிக்கிறது என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் சொன்னபோது ஆலை முதலாளிகள் சிரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் முதலில் அளவை நிர்ணயித்தது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம். பிறகு மாற்றுச் செலவுக்கு ஒரு நிதியமும். இந்த இரண்டும் இல்லாமல் ஏழை நாடுகள் கையெழுத்திட்டிருக்குமா? அளவு முதலில், பங்கீடு அடுத்து, விலையும் புதுமையும் அதற்குள்ளே என்ற இந்த வரிசை டேலி காலமெல்லாம் வலியுறுத்தியது. உங்கள் மனித மூளை அப்போதுதான் வேலை செய்தது. குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் ஒழிந்துபோகவில்லை.

ஆக, வளர்ச்சியை நிறுத்து என்று நான் எங்கும் எழுதவில்லை. அழிவுக்குக் கொடுக்கும் காசை நிறுத்து என்றுதான் எழுதினேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு அரசுகள் நேரடியாகத் தந்த மானியம் 2022-இல் மட்டும் 1.3 லட்சம் கோடி டாலர் என்கிறது சர்வதேச நாணய நிதியம். மீன்பிடி மானியத்துக்கு உலக வர்த்தக அமைப்பில் அதே ஆண்டு ஓர் உடன்பாடு வந்தது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இனங்களைப் பிடிக்க இனி மானியம் கூடாது. ஆனால் தேவைக்கு மேல் கப்பல் கட்டிக் குவிப்பதற்கான மானியத்தை, அதாவது கனடா 1977-க்குப் பிறகு செய்த அதே காரியத்தை, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.