பென்ஷன் வரும் படைவீரர்களின் பணக் கேள்விகள்

ரெக்கார்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்து சுபேதாராகப் பென்ஷன் வந்தவன் நான். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம், ஹவில்தார்: 40 வயதில் பென்ஷன் வருகிறேன். கம்யூட் செய்யலாமா அண்ணே?

கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் தம்பி. கம்யூட் என்றால் மாதப் பென்ஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தப் பணமாக முன்பே வாங்கிக்கொள்வது. பென்ஷன் 20,000 என்று வைத்துக்கொள்வோம். படையில் இருந்தவர்கள் பாதி வரை கம்யூட் செய்யலாம். 10,000 விட்டுக்கொடுத்தால், ஒரு வருடத் தொகையைப் போல ஏறக்குறைய 9 மடங்கு, அதாவது 10.8 லட்சம் கையில் வரும். அதற்கு வரி இல்லை. மாதம் 10,000 பிடித்தம் போகும். 15 ஆண்டு முடிந்ததும் முழுப் பென்ஷன் திரும்பும். அகவிலை நிவாரணம் மட்டும் எப்போதும் முழு 20,000க்குத்தான் கணக்கிடுவார்கள்.

பாகூர், முன்னாள் கடற்படை: 10.8 வாங்கி 18 லட்சம் கட்டுவது முட்டாள்தனம். தம்பியை ஏன் தூண்டுகிறீர்கள்?

தூண்டவில்லை சார். 180 மாதத் தவணையாகப் பார்த்தால் இது சுமார் 7.5 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. பர்சனல் லோன் அதைவிட அதிகம். பென்ஷன்காரர் இடையில் இறந்துவிட்டால் பிடித்தம் அதோடு நின்றுவிடும். மனைவிக்கு வரும் குடும்பப் பென்ஷனில் இதற்காக ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். எந்த பேங்க் அப்படிக் கடன் கொடுக்கும்?

பாகூர், மீண்டும்: பணத்தைக் கையில் பார்த்ததும் எவனும் ஒழுங்காக வைத்திருப்பதில்லை.

இதை ஒப்புக்கொள்கிறேன். என்னோடு பென்ஷன் வந்த ஒருவர் மாதம் 2 வட்டி என்று சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் கம்யூடேஷன் பணத்தை அப்படியே போட்டார். 11 மாதம் வட்டி வந்தது. அப்புறம் ஷட்டர் இறங்கிவிட்டது. அவர் பென்ஷனில் பிடித்தம் இன்னும் நடக்கிறது. அதனால் நெல்லிக்குப்பம் தம்பிக்கு என் பதில்: வீடு கட்டவோ பெரிய வட்டிக் கடனை அடைக்கவோ வேண்டுமானால் கம்யூட் செய்யுங்கள். எஃப்.டி.யில் போட மட்டும் என்றால் வேண்டாம். அந்த வட்டிக்கு வரியும் உண்டு. நான் கம்யூட் செய்துதான் வீடு கட்டினேன்.

குறிஞ்சிப்பாடி, நாயக்: சர்வீசில் 6 வருடம் பாக்கி. எதில் சேமிக்கலாம்?

முதலில் உங்கள் ஏ.எஃப்.பி.பி. ஃபண்டு, அதாவது படைவீரர்களின் வருங்கால வைப்பு நிதி. அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவீதம் கட்டாயம்; அதோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் தப்பு. ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஏற்றலாம். 2020 முதல் 7.1 சதவீத வட்டி. இன்ஷூரன்ஸும் முதலீடும் ஒன்றாகக் கலந்த பாலிசியை யூனிட்டுக்குள்ளேயே வந்து விற்பார்கள், கையெழுத்துப் போடாதீர்கள். குரூப் இன்ஷூரன்ஸ் உங்களுக்கு ஏற்கெனவே பிடிக்கிறார்கள்.

பண்ருட்டி, வில்லியனூர், திருப்பாதிரிப்புலியூர், மூன்று பேர்: கிராஜுவிட்டி, லீவு சம்பளம் எல்லாம் சேர்த்து எங்கே போடலாம்?

50 வயது ஆகியிருந்தால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். மற்றவர்களுக்குப் பொதுவாக 60, நமக்கு 50. தபால் நிலையத்தில் கேளுங்கள், உச்சவரம்பு 30 லட்சம். ஐம்பது ஆகாதவர்கள் ஒரு பங்கை தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் வைக்கலாம். மாதம் 2 வட்டிக்காரர் யாரையும் வீட்டு வாசலில்கூட உட்கார வைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டை: என் தாத்தா பிரெஞ்சு சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்). பாட்டிக்குப் பென்ஷன் வருமா?

அது வேறு அரசாங்கத்தின் பணம் அம்மா. புதுச்சேரி பிரெஞ்சு துணைத் தூதரகத்தில்தான் கேட்க வேண்டும்.

சிதம்பரம், அக்னிவீர்: எனக்குப் பென்ஷன் உண்டா சார்?

நான்கு வருடத்தோடு வெளியே வந்தால் இல்லை தம்பி. வெளியே வரும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிதான், வட்டியோடு 11.7 லட்சம் அளவில் வரும், வரி கிடையாது. பைக்குக்குப் போய்விடாமல் படிப்புக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

பண்ருட்டி: 2 வட்டி கொடுப்பவர் எங்கள் சொந்தக்காரர், நம்பலாமா?

மேலே எழுதியிருக்கிறேன். வேண்டாம்.

தவளக்குப்பம், ஒரு நாயக்கின் மனைவி: அவருடைய பென்ஷன் பேப்பரில் நான் என்ன பார்க்க வேண்டும் அண்ணா?

நல்ல கேள்வி தங்கச்சி. பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் ஆர்டரில், உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் தகராறு. ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் இருக்கும். ஆர்டரை ஆதாரோடு சேர்த்து வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மாறியிருந்தால் ஸ்பர்ஷ் என்ற படைவீரர் பென்ஷன் இணையதளத்தில் அவரே இப்போது திருத்தட்டும். கம்ப்யூட்டர் பழக்கமில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி செய்வார்கள்.