கருப்பூரா, தாம்பரமா: அம்மாப்பேட்டைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் மகளின் கட் ஆஃபுக்குக் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் கிடைக்கும்போல் இருக்கிறது. உங்கள் தம்பியோ, "சேலத்துல படிச்சா எவன் வேலை குடுப்பான்? தாம்பரம் பக்கம் மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடலாம்" என்கிறார். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள்.

தம்பியின் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. 1969 வரை நம் மாநிலத்துக்கே சென்னையின் பெயர்தான். வடக்கே போனால் சேலத்துக்காரரும் மதுரைக்காரரும் 'மதராசி'தான். துறைமுகம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் அங்கே இருந்ததால் கம்பெனித் தலைமை அலுவலகங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. 1990களில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. இருக்கிற இடத்துக்கே இன்னும் வந்து சேரும்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1930களில் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ அது. நடிகர்கள் சேலத்துக்கு வந்து தங்கி நடித்த காலம் உண்டு. கலைஞர்களும் தொழில்நுட்பக்காரர்களும் கோடம்பாக்கத்தில் குவிந்த பிறகு இங்கே வளைவு மட்டும்தான் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

ஆனால் எல்லாத் தொழிலும் அப்படி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடாது. மரவள்ளியும் அதை அரைக்கும் ஆலைகளும் இங்கே இருக்கும்வரை ஜவ்வரிசி இங்கேதான். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசும் அப்படித்தான், அது நம் ஆட்களின் கைப்பழக்கம். 1981இல் ஓடத் தொடங்கிய உருக்காலை இருக்கிறது. மேச்சேரிப் பக்கம் பொட்டனேரியில் ஜேஎஸ்டபிள்யூவின் எஃகு ஆலை இருக்கிறது. கர்நாடகத்தைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு 84 லட்சம், அடுத்த பெரிய ஊரான ஹூப்ளி-தார்வாட் 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நம்மிடம் அதே கணக்கில் கோவையும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்து 21 லட்சம். அதுபோக திருப்பூரில் பனியன், நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி, ஓசூரில் ஆலைகள். தமிழ்நாடு சென்னையை மட்டும் நம்பிப் பிழைக்கிற மாநிலம் இல்லை அம்மா.

அதனால் ஊரைப் பிறகு பார்க்கலாம். மகள் கற்கப்போகும் தொழில் எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். உலோகவியலுக்கு உருக்காலை, கோவை வார்ப்படப் பட்டறைகள், ஒரகடம் வாகன ஆலைகள், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் என்று பல வாசல்கள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதினால் பொதுத்துறைக்கும் முயலலாம். மென்பொருள் வேறு மாதிரி. நம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா இருந்தாலும், அந்த வேலையின் பெரும்பங்கு சென்னையிலும் பெங்களூருவிலும்தான். மகளுக்குக் கம்ப்யூட்டர்தான் உயிர் என்றால் ஒருநாள் அவள் போகத்தான் வேண்டும். வேலைக்குப் போகட்டும், படிப்பதற்காகக் கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை.

சென்னைப் பிள்ளைகளிடம் ஒன்று உண்டு, மறைக்கமாட்டேன். இன்டர்வியூவில் தயங்காமல் பேசுகிறார்கள். நம் பிள்ளைகள் விடை தெரிந்தும் வாயைத் திறக்க யோசிக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் "சென்னைதான் சார்" என்று சொன்ன ஓமலூர்ப் பையனை நான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல. பக்கத்து உருக்காலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தாலே அவனை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். இந்தத் தயக்கத்தை நான்கு வருடத்தில் கழற்றிவிடலாம். முதல் ஆண்டிலிருந்தே வாரம் ஒருமுறை வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்டர்ன்ஷிப் தேடட்டும். இரவு ரயில் ஏறினால் விடிகாலை எழும்பூர். ஒரு மாதம் தங்கும் செலவு நீங்கள் வாங்க நினைக்கும் கடனின் வட்டிக்குக்கூட வராது.

தம்பி சொல்லும் கல்லூரியிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். போன வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம்? எல்லாப் பிரிவையும் சேர்த்த மொத்தக் கணக்கைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் உதவியும் உண்டு. கோட்டாவில் சேர்ந்தால் அந்த ஒதுக்கீட்டு இடம் கைவிட்டுப் போகும்.

உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், மகளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. கவுன்சலிங்கில் கல்லூரி விருப்பப் பட்டியல் போடும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் ஒரு வேலை நாளில் அவளைக் கருப்பூருக்குக் கூட்டிப் போங்கள். உலோகவியல் ஆய்வகத்தைப் பார்க்கட்டும், அங்கே படிக்கும் அக்காக்களிடம் பேசட்டும். பார்த்த பிறகும் கம்ப்யூட்டர்தான் என்றால், கவுன்சலிங்கில் அவள் மார்க்குக்கு எட்டும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் கம்ப்யூட்டர் இடங்களை மேலே எழுதுங்கள், கருப்பூர் உலோகவியலை அதற்கு அடுத்து. மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் கீழே உள்ளதற்கு வருவார்கள். பட்டியலை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.