பழுப்பு முத்திரை 10 டாலர் நோட்டை 15 டாலருக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். 15 டாலருக்கு இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1929 வரிசை (நோட்டில் அச்சான ஆண்டு), பழுப்பு முத்திரை, அமெரிக்காவின் பென்சில்வேனியா ஊர் வங்கியின் பெயர் என்கிறீர்கள். நேஷனல் வங்கி நோட்டாகத்தான் இருக்கும், அதாவது அரசு சாசனம் பெற்ற உள்ளூர் வங்கி தன் பெயரில் வெளியிட்ட நோட்டு. முன்பக்கத்தில் இடது, வலது ஓரங்களில் கறுப்பில் செங்குத்தாக அச்சான சாசன எண் (அந்த வங்கிக்கு அரசு கொடுத்த எண்) இருக்கிறதா பாருங்கள். அதே வரிசை ஃபெடரல் ரிசர்வ் வங்கி (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பு) நோட்டுக்கும் பழுப்பு முத்திரைதான், ஆனால் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். நோட்டின் தனி எண்ணுக்குப் பக்கத்திலும் சாசன எண் பழுப்பில் இருந்தால் அது நேஷனல் வங்கி நோட்டில் 1933 முதல் வந்த இரண்டாம் வகை.

விலையை முக்கியமாக முடிவு செய்வது ஊரும் வங்கியும்தான். பிட்ஸ்பர்க் பெரிய வங்கி நோட்டுகள் தாராளமாகக் கிடைக்கும். சின்ன ஊர் வங்கியின் நோட்டு இரண்டு மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் கசங்கியதற்கும் நல்ல விலை உண்டு. சாசன எண்ணை வைத்துப் பழைய ஏல விலைகளைத் தேடுங்கள். தயவுசெய்து கழுவவோ இஸ்திரி போடவோ வேண்டாம், மதிப்பே போய்விடும்.